பேஸ் கிட்டார் ஆம்பில் சத்தம் போதவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் வாசிப்பவர்கள் ஆம்பைப் பற்றிக் கேட்பதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "வீட்டில் சுவர் அதிர்கிறது, டிரம்மர் வந்து உட்கார்ந்ததும் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. என்ன செய்ய?" அதையும் அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். 50 முதல் 500 வாட் வரையுள்ள டிரான்சிஸ்டர் அல்லது கிளாஸ் டி (எடை குறைந்த புதிய வகை) ஆம்பை மனத்தில் வைத்து எழுதியவை. வால்வு ஆம்ப் மாறுபடும் இடங்களைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

100 வாட்டை விற்று 200 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகுமா?

ஆகாது. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு" என்று படவேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூடவேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர் தேவை. அதாவது 100 வாட்டிலிருந்து 1000 வாட். 3 டெசிபல் வித்தியாசம் இரண்டையும் அடுத்தடுத்து மாற்றிக் கேட்டால் தெரியும். பாட்டுக்கு நடுவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 100-ஐக் கொடுத்துவிட்டு 150 வாங்குவது இன்னும் நஷ்டம். அதில் கிடைப்பது 2 டெசிபல்கூட இல்லை.

கூடுதல் வாட் வீண் என்று சொல்லவில்லை. கம்பியைச் சுண்டும் அந்த முதல் கணத்தில் சிக்னல் சராசரியைவிடப் பல மடங்கு எகிறும், ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிப்பது) வாசித்தால் இன்னும் அதிகம். அந்த எகிறல் பிசிறடிக்காமல் வெளியே வர ஆம்பில் மிச்சம் இருக்கவேண்டும். பெரிய ஆம்ப் வாங்குவதன் உண்மையான பலன் அதுதான். வால்யூம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொன்று: "பீக்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். அது ஒரு கணத்து உச்சம் மட்டுமே. எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) எத்தனை வாட் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட், என்பதைப் பாருங்கள். இந்த எண் பெரும்பாலும் பின்பக்கத் தகட்டிலோ கையேட்டிலோ சின்ன எழுத்தில் இருக்கும்.

அப்படியானால் முதலில் எதை மாற்றவேண்டும்?

ஸ்பீக்கர். ஆம்ப் கொடுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் ஸ்பீக்கர் ஒலியாக மாற்றுகிறது, மீதியெல்லாம் வாய்ஸ் காயிலில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) சூடாகப் போய்விடும். எவ்வளவு மாற்றுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 96 டெசிபல் உள்ள கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டி, சுருக்கமாகக் கேப்) 99 டெசிபல் உள்ளதாக மாற்றினால், அதே 100 வாட் ஆம்ப் 200 வாட் போல நடந்துகொள்ளும். ஆம்பின் வாட்டை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலருக்குத் தங்கள் கேபினெட்டின் இந்த எண் தெரியாது. ஆம்ப் வாங்கும் காசில் பாதியை இந்த எண்ணுக்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள "எச்", அதை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது, இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி அவர் பெயரில் வழங்குகிறது. பைக்கில் வைத்துக் கொண்டுபோகும் அளவுக்குச் சின்னதாகவும், தரை அதிரும்படியும், 100 வாட்டிலேயே மேடையை நிரப்புவதாகவும் ஒரு கேப் இருப்பதாக யாராவது சொன்னால், மூன்றில் ஒன்று பொய்.

இன்னொரு கேபினெட் சேர்த்தால் எவ்வளவு கூடும்?

செலவு செய்ய முடிவு செய்துவிட்டால் இதுதான் சிறந்த வழி. ஒரே மாதிரியான இரண்டு கேப்களை ஒட்டி வைத்தால், அதே பவரிலேயே கீழ் ஸ்தாயியில் 3 டெசிபல் கூடும், ஏனென்றால் காற்றைத் தள்ளும் பரப்பு இரட்டிக்கிறது. அதோடு இரண்டும் சேர்ந்து ஓம் பாதியாவதால் ஆம்பும் கூடுதல் வாட் கொடுக்கும். எல்லாம் கூடிவந்தால் 6 டெசிபல் வரை கிடைக்கலாம்.

ஒரு நிஜ உதாரணம். ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போவில் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களை மட்டும் ஓட்டினால் 350 வாட். வெளியே இன்னொரு 8 ஓம் கேப் செருகினால்தான் அந்த 500. கணக்குப் போட்டால் 350-லிருந்து 500 என்பது ஒன்றரை டெசிபல்தான். ஆனால் வெளிக் கேப்பும் உள்ளே இருப்பது போன்ற இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களாக இருந்தால், கூடுதல் பரப்பால் இன்னொரு 3 டெசிபல். ஆக மொத்தம் நாலரை. கூடிய வாட்டைவிடக் கூடிய ஸ்பீக்கர்தான் இரண்டு மடங்கு வேலை செய்கிறது, பெட்டியின் மேல் எழுதியிருப்பதோ வாட் மட்டும்.

சேர்த்த கேபை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடு, மேல் ஸ்தாயிகள் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் கேட்கும்; மேடையில் இரண்டடி நகர்ந்தால் சத்தம் மாறும். அடுக்கினால் மேல் ஸ்பீக்கர் உங்கள் காதுக்குக் கிட்டே வருவது கூடுதல் லாபம்.

இந்த ஓம் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. தப்பாகச் செருகினால் என்ன ஆகும்?

ஓம் குறையக் குறைய ஆம்பிலிருந்து கரண்ட் அதிகம் இழுக்கப்படும். ஆம்பின் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருந்தால், அதற்குக் கீழே போகக்கூடாது என்று அர்த்தம். போனால் நல்ல ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஒரு ஆம்பில் இரண்டு கேப் செருகும்போது வழக்கமாக அவை இணையாகவே சேரும். 8-ம் 8-ம் சேர்ந்தால் 4 ஓம். 4-ம் 4-ம் சேர்ந்தால் 2. 8-ம் 4-ம் சேர்ந்தால் 2.67; இதில் 4 ஓம் கேப் பவரில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும், மற்றது ஏதோ ஒப்புக்குப் பாடும். பின்னாளில் இரண்டாவது கேப் வாங்கும் எண்ணம் இருந்தால், முதல் கேபை 8 ஓமாக வாங்குவது புத்திசாலித்தனம். ஒரே 4 ஓம் கேப் வாங்கினால் அன்றைக்கே முழுப் பவரும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலான ஆம்ப்களில் கதை அத்தோடு முடிந்தது.

வால்வு ஆம்ப் என்றால், பின்னால் 4, 8 என்று உள்ள ஸ்விட்சையோ ஜாக்கையோ கேபினெட்டின் ஓமுக்குப் பொருத்தமாக வையுங்கள். ஸ்பீக்கர் செருகாமல் அதை இயக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

அப்புறம், ஆம்புக்கும் கேபுக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜாக் ஒன்றுபோல இருப்பதால் வரும் வினை. கிட்டார் கேபிளின் உள் ஒயர் மெல்லிசு, ஸ்பீக்கர் கரண்டைத் தாங்காமல் சூடாகும். தடித்த ஸ்பீக்கர் கேபிளே போடுங்கள், ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே உள்ள பூட்டும் இணைப்பி) இருந்தால் இன்னும் நல்லது.

15 அங்குலம் ஒன்றா, 10 அங்குலம் நான்கா?

சத்தம் என்ற ஒரே கேள்வி என்றால் நான்கு பத்து. பரப்பு அதிகம், சென்சிட்டிவிட்டியும் பொதுவாக அதிகம். "பதினைந்து என்றால் ஆழம், பத்து என்றால் துல்லியம்" என்ற வாய்ப்பாட்டை நம்பவேண்டாம். பெட்டியின் வடிவமைப்பைப் பொறுத்தே ஆழம் அமையும். ஒரு பதினைந்தையும் நான்கு பத்தையும் கலந்து அடுக்குவது பார்க்க அழகு. இரண்டு வேறு வடிவமைப்புகள் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் என்பதால் என் ஓட்டு ஒரே மாதிரி ஜோடிக்கே.

பேஸ் குமிழை முழுக்கத் திருப்பியும் கேட்கவில்லையே?

முழுக்கத் திருப்பியதால்தான் கேட்கவில்லை.

நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ். மனிதக் காது இந்த இடத்தில் ரொம்ப மந்தம். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. நாம் "பேஸ்" என்று கேட்பதில் பெரும்பகுதி 41-இன் இரட்டிப்பான 82-உம் அதற்கு மேலே உள்ள ஹார்மானிக்குகளும் (அடிச்சுரத்தின் மடங்குகளாக ஒலிப்பவை)தான். மேலே உள்ளவை தெளிவாகக் கேட்டால் அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். சின்ன ரேடியோவில்கூட பேஸ் லைனை நாம் பின்தொடர முடிவது அதனால்தான்.

பேஸ் குமிழை 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் பத்து மடங்கு பவர் போகும். 10 வாட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த 100 வாட் ஆம்ப், ஒரே திருப்பில் தன் எல்லையைத் தொட்டுவிடும். ஸ்பீக்கரின் கோன் (முன்னால் தெரியும் கூம்பு) முன்னும் பின்னும் துள்ளும், காதுக்கு வருவதோ வெறும் "கும்". வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, மிட்டை (நடு ஸ்தாயி) இறக்கி வைத்தால் தேனாக இருக்கும். அதே செட்டிங்கோடு மேடைக்குப் போனால், இறக்கிய அந்த மிட்தான் உங்களை அடையாளம் காட்டவேண்டிய இடம்.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். எல்லாக் குமிழையும் நடுவில் வையுங்கள். பேஸைக் கொஞ்சம் குறையுங்கள். 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள லோ மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும், பரவாயில்லை. குழுவோடு வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆம்பிலோ பெடலிலோ ஹை பாஸ் ஃபில்டர் (குறித்த அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டுவது) இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். காதுக்கு எட்டாத துள்ளலில் வீணாகும் பவர் மிச்சமாகி மற்றதற்குப் போகும்.

மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீபோர்டுக்காரரின் இடது கை, டோலக்கின் தடித்த பக்கம், ரிதம் பேடில் ஏற்றி வைத்திருக்கும் கிக், இவை எல்லாம் நீங்கள் இருக்கும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கீபோர்டுக்காரரிடம் "அண்ணே, பேஸ் இருக்கிற பாட்டில் இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே வைங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

ஆம்பை எங்கே வைத்தால் நன்றாகக் கேட்கும்?

காதில் படும்படி. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலான காம்போக்கள் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கச்சேரி செய்கின்றன. கீழ் ஸ்தாயி எல்லாப் பக்கமும் பரவும். மிட்டும் மேல் ஸ்தாயியும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போகும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்கு "கும்" மட்டும் வருகிறது, சுரம் முன்வரிசை ரசிகருக்குப் போகிறது. நீங்கள் கேட்கவில்லையே என்று ஏற்றுவீர்கள், அவர் காதைப் பொத்துவார். பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து மேல்நோக்கித் திருப்புங்கள். தரையை விட்டுத் தூக்கினால் கீழ் ஸ்தாயி கொஞ்சம் குறையும், ஆனால் என்ன வாசிக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

தரையும் சுவரும் இலவச ஆம்ப். தரையோடும் பின் சுவரோடும் ஒட்டி வைத்தால் கீழ் ஸ்தாயி ஏறும், மூலையில் வைத்தால் அதைவிட. ஆனால் அரைகுறையாகத் தள்ளி வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு மோதி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை அழித்துவிடும். ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் அது சுமார் 86 ஹெர்ட்ஸ். டி கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் உள்ள எஃப் 87 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் மாயமாகும், நீங்கள் கம்பியைச் சந்தேகிப்பீர்கள். சுவரோடு முடிந்தவரை ஒட்டிவிடுங்கள், அல்லது நன்றாகத் தள்ளி வையுங்கள்.

உள்ளே பொள்ளலான பலகை மேடை இதற்கு நேர் எதிரான தொல்லை. மேடையே டிரம் மாதிரி அதிரும், எல்லாம் கொழகொழவென்று ஆகும். அங்கே நாற்காலியோ தடித்த ஃபோமோ அடியில் போடுவது கட்டாயம்.

மாஸ்டர் வால்யூம் பாதியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் பாதிப் பவர் மிச்சம் இருக்கிறதுதானே?

இல்லை. குமிழின் எண் பவரின் அளவு அல்ல. உள்ளே வரும் சிக்னல் வலுவாக இருந்தால் நாலிலேயே ஆம்ப் முழுப் பவரைத் தொட்டுவிடும், அதற்கு மேல் திருப்பினால் பிசிறு மட்டும்தான் கூடும்.

முதலில் கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஏற்றும் குமிழ்) வையுங்கள். பலமாக ஒரு சுரம் அடிக்கும்போது கிளிப் விளக்கு (சிக்னல் எல்லையைத் தொட்டால் எரிவது) எப்போதாவது கண் சிமிட்டும் அளவுக்கு ஏற்றி, அதிலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம் மாஸ்டர். இரண்டு சோதனைகள் கட்டாயம்: ஆக்டிவ் (பேட்டரி உள்ள பேஸ்), பாசிவ் (பேட்டரி இல்லாதது) பொத்தான் சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பாசிவ் பேஸை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தான் அழுந்திக் கிடந்தால் சிக்னல் காரணமில்லாமல் குறைந்தே வரும். ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஆம்பைக் குறை சொல்லும் முன் பேட்டரி.

பூஸ்ட் பெடல், கம்ப்ரஸர் உதவுமா?

ஆம்ப் இன்னும் எல்லையைத் தொடவில்லை என்றால் பூஸ்ட் உதவும். தொட்டுவிட்டது என்றால் உதவாது. கம்ப்ரஸர் வேறு கதை. எகிறும் சுண்டலை அமுக்கி மற்றதை மேலே தூக்கும், அதனால் அதே வாட்டில் சராசரிச் சத்தம் கூடும். சின்ன ஆம்புக்கு நல்ல துணை. ரொம்ப அமுக்கினால் சுண்டலின் முனை போய்விடும், குழுவில் மறுபடி தொலைவீர்கள்.

கோன் படபடவென்று அடிக்கிறது. ஸ்பீக்கர் போய்விடுமா?

போகலாம். ஸ்பீக்கர் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, கோன் தன் எல்லைக்கு மேல் துள்ளி உடைவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றி வைத்த பேஸ். வாட் எல்லைக்கு வெகு கீழேயே இது நடக்கும். "300 வாட் ஸ்பீக்கர், 200 வாட் ஆம்ப், பயமில்லை" என்பது சரியான கணக்கல்ல. இன்னொன்று, காயில் சூடாகி எரிவது. பிசிறடிக்கும்படி தொடர்ந்து ஓட்டினால் ஆம்ப் தன் பெயர்ப்பலகை வாட்டைவிட அதிகமாக, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை, கொடுக்கமுடியும். பட் பட் என்று கேட்டால் உடனே பேஸைக் குறையுங்கள். கருகல் வாசனை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

வால்வு ஆம்ப் வாட் வேறு வாட்டா? அதிகம் கேட்கிறதே?

வாட் ஒன்றுதான். எல்லையைத் தாண்டும்போது வால்வு மெதுவாக வளைந்துகொடுக்கும், அந்தப் பிசிறு காதுக்கு இனிமையாகவே படும். அதனால் வாசிப்பவர் எல்லையைத் தாண்டி ஓட்டத் தயங்குவதில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட். அதன் பெருமையில் வால்வுகளுக்கு உள்ள பங்கு, அதோடு வந்த பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட கேப்களுக்கும் உண்டு. ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) புகழ்கிறவர்கள் கேபை மறந்துவிடுகிறார்கள். அதைத் தூக்கிப் படியேறியவர்கள் மறக்கமாட்டார்கள்.

உள்ளே டிரான்சிஸ்டரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ மாற்றிப் பவரை ஏற்றலாமா?

வேண்டாம். மின்வழங்கல், ஹீட் சிங்க், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும், ஆகும் செலவில் வேறு ஆம்பே வாங்கலாம். அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு ஆம்பில் அது உயிருக்கே ஆபத்து.

மேடையில் பி.ஏ. (கூட்டத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பு) இருக்கிறதே, அதில் கொடுத்தால் போதாதா?

போதும், அதுதான் சரியும்கூட. ஆம்பின் டி.ஐ. அவுட்டையோ (சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் ஜாக்) தனி டி.ஐ. பாக்ஸையோ மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால், கூட்டத்துக்குக் கேட்கவைப்பது சவுண்ட்காரர் பாடு. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும், 100 வாட் தாராளம். ஆனால் பி.ஏ.யில் சப் வூஃபர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டி.ஐ.யை ஈக்யூவுக்கு (பேஸ், மிட், டிரெபிள் குமிழ்கள்) முன்னால் எடுக்கும் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள்; மேடைச் சத்தத்துக்காக நீங்கள் திருகும் திருகல் வெளியே போகாது.

திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஓடும்போது ஆம்ப் சோர்ந்துபோகிறதே?

வோல்டேஜ் இறங்கியிருக்கும். பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பில் 230 வோல்ட் 190 ஆனால் பவர் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். டெசிபலில் இரண்டுக்கும் குறைவுதான், ஆனால் பிசிறு சீக்கிரமே தலைகாட்டும். சீரியல் விளக்கும் ஃபோக்கஸ் லைட்டும் ஓடும் லைனில் செருகாமல், ஒலிபெருக்கிக்காரரின் லைனைக் கேட்டு வாங்குங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் புதிய ஆம்ப்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் என்றால், போதுமான வாட் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைத் தொடாதீர்கள்.

காதுக்கு என்ன அளவு?

அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நையோஷின் வரம்பு: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் ரிகர்சலின் நாலாவது பாட்டுக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான் வாங்குங்கள். பஞ்சு வைத்தால் மிட் போய்விடும், மறுபடி ஆம்பை ஏற்றத் தோன்றும்.

பழைய கேப் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு கைவிரல்களையும் கோனில் எதிரெதிரே வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வரவேண்டும். உரசுகிற சத்தம் கேட்டால் காயில் ஒருமுறை சூடாகிக் கோணியிருக்கிறது. ஓரத்து வளையத்தில் விரிசலைத் தேடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஜாக்கில் வைத்துப் பாருங்கள்: 8 ஓம் கேப் ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் கேப் 3-ஐ ஒட்டி. 8 என்று எழுதிய நான்கு ஸ்பீக்கர் கேப் 12-ஐ நெருங்கினால், உள்ளே ஒரு ஜோடியாவது வேலை செய்யவில்லை. விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.